பிறர் பண்டிகையும் நம் கடனும்

பண்டிகை என்பது யாது? உண்டு உடுத்து மகிழும் ஒரு நாள் என்று விடை கூறுவது எளிது. ஆயின் உலகத்துப் பழஞ்சமூகங்களின் பண்டிகைகளைச் சிறிது உற்று நோக்குவோர்க்கு வேறோர் உண்மை புலப்படும். ஒவ்வொரு பண்டிகையும் ஏதேனும் ஒன்றை நினைவூட்டுவதற்கென்றே ஏற்பட்டது. நினைவூட்டப்படுவது சில வேளைகளில் மகிழ்ச்சி. பல வேளைகளில் கடன். மகிழ்ச்சியை மட்டும் வைத்துக்கொண்டு கடனை மறந்துவிடுவது மனித இயல்பு. அவ்வாறு மறந்தபின் எஞ்சுவது பலகாரமும் வேட்டுமேயன்றிப் பண்டிகையன்று. நம்முடைய பண்டிகைகளுக்கு நேர்ந்த இக்கதி, பிறரிடமிருந்து நாம் வாங்கிக்கொள்ளும் பண்டிகைகளுக்கும் நேருமா என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராயப் புகுந்த பொருள்.

இதனை எழுதத் தூண்டிய நிகழ்ச்சியை முதலிற் கூறிவிடுகிறோம். 2025ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் மாலை, நண்பர் ஒருவர் அழைத்ததன் பேரில், ஈப்போ நகரில் ஒரு கடைவீட்டின் மாடியில் நடந்த ஜெபக் கூட்டத்திற்குச் சென்றிருந்தோம். கூடியிருந்தோர் நாற்பது பேர் இருப்பர்; அனைவரும் தமிழர்; பாதிப்பேர் பட்டணத்தார், பாதிப்பேர் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். பொழுது மறைந்ததும் போதகர் எழுந்து, ஆட்டுக்கடாவின் கொம்பினாலாகிய எக்காளம் ஒன்றை எடுத்து ஊதினார். முதலில் நீண்டதோர் ஓசை. பின் விம்முவதுபோல் உடைந்த ஓசைகள். மீண்டும் நீண்ட ஓசை. தெருக்கோடியிலிருந்த கோயிலில் அன்று நவராத்திரியின் முதல் நாள் பூசை. கொம்பின் ஒலியும் கோயில் மணியின் ஒலியும் ஒன்றாக நம் செவியில் விழுந்தன. கூட்டம் முடிந்து படியிறங்கும்போது நண்பர் மெல்லக் கேட்டார்: “கிராணியாரே, இதெல்லாம் நமக்கு ஆகுமா? நாம் யூதர் இல்லையே?”

அவருக்கு அன்று நாம் தக்க விடை கூறவில்லை. இக்கட்டுரையே அவ்விடை.

யூதருடைய ஏழாம் மாதத்திற்குத் திஷ்ரி என்று பெயர். அம்மாதத்தில் மூன்று திருநாட்கள் அடுத்தடுத்து வருகின்றன. முதல் நாள் எக்காளத் திருநாள். பிற்காலத்தில் அதுவே ரோஷ் ஹஷானா என்னும் ஆண்டுப் பிறப்புமாயிற்று. பத்தாம் நாள் யோம் கிப்பூர் என்னும் பாவநிவிர்த்தி நாள். அன்று ஒரு மாலை தொடங்கி மறுமாலை வரை நீரும் அருந்தாத உபவாசம். பதினைந்தாம் நாளாகிய பௌர்ணமி தொடங்கி ஏழு நாள் சுக்கோத் என்னும் கூடாரப் பண்டிகை. தழை வேய்ந்த குடிலில் இருந்து உண்டு, விளைச்சலுக்கு நன்றி கூறி மகிழும் காலம். இம்மூன்றையும் லேவியராகமம் இருபத்து மூன்றாம் அதிகாரத்தில் காணலாம்.

யூதரின் மாதமும் நம்மவர் திதிக் கணக்கைப் போலச் சந்திரனைப் பற்றியது. பத்தொன்பது ஆண்டுகளில் ஏழு முறை ஓர் அதிக மாதத்தைச் சேர்த்து அவர்கள் பருவத்தோடு கணக்கைப் பொருத்திக்கொள்கின்றனர். ஆகவேதான் அவர்களுடைய எக்காள நாள் பலமுறை நம் நவராத்திரியின் தொடக்கத்தை ஒட்டி வருகிறது. 2025ஆம் ஆண்டில் அக்டோபர் 2ஆம் நாள் அவர்கட்குப் பாவநிவிர்த்தி நாள், நம்மவர்க்கு விஜயதசமி. இதில் மறைபொருள் ஒன்றுமில்லை; இரு சமூகத்தாரும் ஒரே நிலவைப் பார்த்து நாள் எண்ணினார்கள் என்பதே காரணம். இத்திருநாட்களை மேனாட்டார் இலையுதிர்காலப் பண்டிகைகள் என்பர். நம் பேராக்கில் அப்பருவமே கிடையாது. ஒருசேர இலை உதிர்க்கும் மரமாக நாம் அறிந்தது ரப்பர் மரம் ஒன்றே. அதுவும் ஆண்டின் தொடக்க மாதங்களில் உதிர்ப்பது. அக்டோபரில் நமக்கு வாய்ப்பது மழையே.

நிற்க, யூதரல்லாதார் இப்பண்டிகைகளைக் கொண்டாடுவானேன்? இயேசுவை மெசியா என்று ஏற்றுக்கொண்டும் யூத ஆசாரங்களை விடாதிருப்போரை மெசியானிய யூதர் என்பர். ருஷிய ஆட்சியின் கீழிருந்த கிஷினேவ் நகரில் ஜோசப் ரபினோவிச் என்பார் 1884-85ஆம் ஆண்டுகளில் இத்தகைய சபையொன்றைத் தொடங்கினார். அமெரிக்காவில் 1915ஆம் ஆண்டில் எபிரெயக் கிறிஸ்தவர் கூட்டணி என ஏற்பட்ட சங்கம் 1975ஆம் ஆண்டில் மெசியானிய யூதர் கூட்டணி எனப் பெயர் மாற்றிக்கொண்டது. யூத சமயத்தாரின் பெரும்பிரிவுகள் இவர்களைத் தம்மவராக ஒப்புக்கொள்வதில்லை. இவர்களுடைய கொள்கையால் ஈர்க்கப்பட்ட பிற இனத்துக் கிறிஸ்தவர்களும் இன்று உலகெங்கும் இப்பண்டிகைகளை ஆசரிக்கின்றனர். எருசலேமில் 1980ஆம் ஆண்டு முதல் பல நாட்டுக் கிறிஸ்தவர்கள் கூடாரப் பண்டிகைக்குத் திரளுகின்றனர்.

அவர்கள் கூறும் பொருள் இது: வசந்தகாலப் பண்டிகைகள் முன்னரே நிறைவேறிவிட்டன. பஸ்கா சிலுவையிலும், முதற்கனி உயிர்த்தெழுதலிலும், பெந்தெகொஸ்தே ஆவியின் வருகையிலும் நிறைவெய்தின. ஏழாம் மாதத்துப் பண்டிகைகளே இன்னும் நிறைவேற வேண்டியவை. எக்காளம் கிறிஸ்துவின் மறுவருகையைக் குறிக்கும். பாவநிவிர்த்தி நாள் இஸ்ரவேலர் தாம் புறக்கணித்தவரை அறிந்து புலம்பி மனந்திரும்பும் நாளைக் குறிக்கும். கூடாரம் இறைவன் மனிதரிடையே வந்து வாசம் செய்யும் அரசைக் குறிக்கும். எல்லா நாட்டு மக்களும் ஒரு நாள் கூடாரப் பண்டிகைக்கு எருசலேம் ஏறிவருவர் என்று சகரியா தீர்க்கதரிசி கூறியிருப்பதை அவர்கள் தங்களுக்கு அழைப்பாகக் கொள்கின்றனர். இயேசுவே கூடாரப் பண்டிகைக்குச் சென்றார் என்று யோவான் சுவிசேஷம் கூறுவதும் அவர்கட்கு ஆதாரம்.

இத்தீர்க்கதரிசனம் மெய்யாகுமா ஆகாதா என்று தீர்ப்புக் கூற நாம் வரவில்லை. வருங்காலத்தைப் பற்றிய நம்பிக்கை அவரவர் உள்ளத்தைச் சேர்ந்தது. நாம் கேட்பது நிகழ்காலத்தைப் பற்றிய கேள்வி. ஒருவன் பிறர் பண்டிகையை எடுத்துக்கொள்ளும்போது அது அவனை எதற்குக் கட்டுப்படுத்துகிறது?

இது நம்மவர்க்குப் புதிய கேள்வி என்று எண்ணற்க. கிஷினேவ் நகரத்துச் சபைக்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன்னரே ஒரு தமிழர் இதனைத் துணிந்து செய்துவிட்டார். திருநெல்வேலிச் சீமையில் நாசரேத்தை அடுத்த பிரகாசபுரத்தில் 1857ஆம் ஆண்டில் இந்துக் கிறிஸ்தவ சபையை நிறுவிய அருமைநாயகம் என்னும் சட்டாம்பிள்ளையே அவர். நாட்டுச் சபை என்றும் மக்கள் அதனை வழங்குவர். வெள்ளைக்கார மிஷனரிமாரின் கீழ் உபதேசியாராயிருந்து, அவர்களோடு பிணங்கி வேலை இழந்தவர் அவர். அக்காலத்தில், 1849ஆம் ஆண்டில், ராபர்ட் கால்டுவெல் திருநெல்வேலிச் சாணார் என்ற பெயரால் ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். இன்று நாடார் எனப்படும் சமூகத்தாரின் பிறப்பையும் அறிவையும் தாழ்த்திப் பேசிய நூல் அது. தமிழ்மொழி தனித்தியங்க வல்லது என்று பின்னாளில் உலகுக்கு எடுத்துக்காட்டிய அதே பேரறிஞர், தம்மிடம் ஞானஸ்நானம் பெற்ற மக்களைப் பற்றி இவ்வாறு எழுதினார் என்பது வருந்தத்தக்கதே. அந்நூலைக் கண்டித்து எழுந்தோரில் சட்டாம்பிள்ளை முன்னின்றார்.

அவருடைய வாதத்தின் சாரத்தை நம் சொற்களில் கூறின் இவ்வாறு அமையும்: கிறிஸ்து ஐரோப்பியர் அல்லர், ஆசியாக் கண்டத்தில் யூதராகப் பிறந்தவர். அவர் கைக்கொண்ட ஓய்வுநாள் சனிக்கிழமை. அவர் முன்னோர் தூபம் காட்டினர். நெடுஞ்சாண்கிடையாக விழுந்து வணங்கினர். இவையெல்லாம் நம் நாட்டு வழக்கத்தோடு ஒத்தவை. நடுவே ஐரோப்பியர் சேர்த்த ஆசாரங்களை நாம் ஏன் சுமக்க வேண்டும்? இவ்வாறு கருதி அவர் மிஷனரிமாரின் பணத்தையும் அதிகாரத்தையும் உதறிவிட்டு, சனிக்கிழமை ஓய்வையும் மோசேயின் ஆகமங்களில் விதித்த யூதப் பண்டிகைகளையும் தம் சபையில் ஏற்படுத்தினார். எருசலேமுக்குப் போக லண்டன் வழியாகத்தான் போக வேண்டும் என்பதில்லை என்று அவர் காட்டிவிட்டார். அச்சபை அவரோடு மடிந்துபோகவில்லை. இருபதாம் நூற்றாண்டிலும் நீடித்து நின்றது.

நம் தோட்டங்களிலும் பட்டணங்களிலும் உள்ள தமிழ்க் கிறிஸ்தவர் சிலரின் முன்னோர் அச்சீமையிலிருந்து கப்பலேறியவர்களே. ஈப்போவில் கொம்பு ஊதிய அன்பர்களில் ஒருவரேனும் சட்டாம்பிள்ளையின் பெயரைக் கேள்வியுற்றிருக்கவில்லை. அமெரிக்கப் பிரசங்கியாரின் ஒளிப்படங்களைப் பார்த்துத்தான் இவ்வழக்கத்தைக் கற்றோம் என்றார்கள். மேனாட்டாரை விட்டு விலகுவதற்காக ஒரு தமிழர் நாடிய வழி, இன்று மேனாட்டாரிடமிருந்தே நமக்கு இறக்குமதியாகிறது. இதனை நேயர்கள் சிந்திக்க வேண்டும்.

இனி, இப்பண்டிகைகளை நம்மவர் கொண்டாடுவதற்குக் கூறப்படும் தடைகளை ஆராய்வோம்.

முதல் தடை கிறிஸ்தவர்களே எழுப்புவது. பண்டிகையும் அமாவாசையும் ஓய்வுநாளும் வரவிருந்தவற்றின் நிழல் மட்டுமே என்று பவுல் கொலோசெயர்க்கு எழுதினார். புறவினத்தார்மேல் மோசேயின் சட்டத்தைச் சுமத்தலாகாது என்று எருசலேமில் கூடிய அப்போஸ்தலர்களும் முடிவு செய்தனர். ஆயின் சுமத்தலாகாது என்றதனால் விரும்பி ஏற்றலும் ஆகாது என்று பொருளாகாது. விரும்பி ஏற்பவன் ஏற்காதவனைத் தாழ்வாக எண்ணாதிருக்கும் வரையில் இத்தடைக்கு வலிமையில்லை.

இரண்டாம் தடை யூதர்கள் எழுப்புவது. அது முன்னதினும் கனமானது. இவை எங்கள் மூதாதையர் பட்டினியிலும் நாடுகடத்தலிலும் விடாது காத்த நாட்கள். எங்கள் பண்டிகையை எடுத்துக்கொண்டு, இதன் பொருள் உங்களுக்குத் தெரியாது, எங்களுக்குத்தான் தெரியும் என்று எங்களிடமே கூறுவது முறையா என்று அவர்கள் கேட்கலாம். இக்கேள்வியை நம்மவர் எளிதில் தள்ளிவிடுகின்றனர். ஏனெனில் நம்மில் மிகப் பெரும்பாலோர் யூதர் ஒருவரையேனும் கண்டதில்லை. பினாங்கில் அவர்களுடைய பழைய இடுகாடு இன்றும் இருக்கிறது. அதன் பக்கத்துச் சாலை முன்பு யூதர் சாலை என்றே பெயர் பெற்றிருந்தது. இப்போது அது ஜாலான் ஜைனல் அபிதீன். பெயரும் போயிற்று, ஆட்களும் போயினர். எஞ்சியிருப்பவை வேதத்துச் சொற்களும் செய்தித்தாளின் போர்ச்செய்திகளுமே. ஆகவே இங்கொன்று தெளிவாகச் சொல்லல் வேண்டும். யூதரின் திருநாளைப் போற்றுவது ஓர் அரசாங்கத்தின் போர்க்கொள்கைக்குக் கொடி பிடிப்பதாகாது. அவ்வரசாங்கத்தின்மேல் உள்ள கோபத்தை அத்திருநாளின்மேல் காட்டுவதும் அறிவுடைமையாகாது.

மூன்றாம் தடை நம் சீர்திருத்த அன்பர்களுடையது. உள்ள மூடப்பழக்கங்கள் போதாவென்று கடல் கடந்தும் சிலவற்றைக் கொண்டுவர வேண்டுமா என்பர். கொம்பு ஊதுவதும் தழை வேய்வதும் மட்டுமே பண்டிகை என்றால் அவர்கள் கூற்று முற்றும் சரியே. ஆனால் இத்திருநாட்களின் உள்ளே என்ன இருக்கிறது என்று பாராமல் தள்ளுவதும் பகுத்தறிவாகாது.

உள்ளே இருப்பதைப் பார்ப்போம். முதல் நாள் தொடங்கிப் பத்தாம் நாள் வரையிலுள்ள பத்து நாட்களை யூதர் மனந்திரும்பும் நாட்கள் என்பர். பத்தாம் நாளின் பயனைப் பற்றி அவர்களுடைய பழஞ்சட்டத் தொகுப்பாகிய மிஷ்னா ஓர் அரிய விதியை வகுத்திருக்கிறது. ஏறத்தாழ கி.பி. 200இல் தொகுக்கப்பட்டது அந்நூல். மனிதன் இறைவனுக்குச் செய்த பிழைக்கு அந்நாள் நிவிர்த்தி தரும். மனிதன் மனிதனுக்குச் செய்த பிழைக்கோ, பிழைக்கு ஆளானவனை அவன் சமாதானப்படுத்தும் வரையில் அந்நாள் நிவிர்த்தி தராது என்பது அவ்விதியின் கருத்து. ஆகவேதான் அப்பத்து நாட்களில் யூதர் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் சென்று மன்னிப்புக் கேட்பதை வழக்கமாக்கினர். பத்தாம் நாள் காலையில் அவர்கள் ஆலயத்தில் படிப்பது ஏசாயாவின் ஒரு பகுதி. தலையைத் தாழ்த்திச் சாம்பலில் கிடப்பதை உபவாசம் என்று கருதாதே. கட்டுண்டவனை விடுவிப்பதும், பசித்தவனுக்கு உன் உணவைப் பகிர்வதும், வேலையாட்களை வருத்தாதிருப்பதுமே உபவாசம் என்று கண்டிக்கும் பகுதி அது. பிற்பகலில் யோனாவின் சரித்திரம் படிக்கப்படும். அதில் மனந்திரும்புவோர் யூதர் அல்லர், அயலவராகிய நினிவே நகரத்தார்.

நேயர்கள் இவ்விதியின் ஆழத்தை நோக்க வேண்டும். கங்கையில் மூழ்கினாலும், உண்டியலில் பொன் போட்டாலும், ஆராதனையில் அழுதாலும் தீராத கணக்கொன்று உண்டு என்பதை ஒரு மதமே தன் மகாபுனிதமான நாளைப் பற்றிச் சொல்லிவிட்டது. அயலானிடம் பட்ட கடனை ஆண்டவனிடம் கட்டித் தீர்க்க முடியாது. இதனைவிடச் சீர்திருத்தமான கொள்கை வேறெது?

ஈப்போவில் கொம்பு ஒலித்த இரவு இவ்விதியைப் போதகர் இரண்டே வாக்கியங்களில் சொல்லிவிட்டு, வருங்கால நிகழ்ச்சிகளுக்குச் சென்றுவிட்டார். நம்முடைய மனமோ அவ்விரண்டு வாக்கியங்களோடு நின்றுவிட்டது. காரணத்தை மறைக்காமல் கூறுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தோட்டத்தில் நாம் செக்ரோல் எழுதிவந்தோம். ரப்பர் வெட்டப்பட்டு எண்ணெய்ப்பனை வைக்கப்பட்ட தோட்டம் அது. உதிரிப்பழம் பொறுக்கிச் சாக்குக் கணக்கில் சம்பளம் வாங்கும் ஒரு தமிழ் அம்மையார், சம்பள நாளில், தம் கணக்கில் பதினொரு சாக்குகள் குறைகின்றன என்றார். நாற்பது பேர் வரிசையில் நின்ற வேளை. புத்தகத்தைப் புரட்டிக்கூடப் பார்க்காமல், “புத்தகம் பொய் சொல்லாது, அம்மா; நீங்கள்தான் பொய் சொல்கிறீர்கள்” என்று கூறிவிட்டோம். அவர் ஒன்றும் பேசாமல் போய்விட்டார். மாதக் கணக்கை முடிக்கும்போது உண்மை வெளிப்பட்டது. அப்பதினொரு சாக்குகளும் அடுத்த வரியிலிருந்த வேறொருவர் பெயரில் நம் கையாலேயே ஏறியிருந்தன. அடுத்த மாதச் சம்பளத்தில் ஒருவருக்கும் சொல்லாமல் அத்தொகையைச் சேர்த்துவிட்டு, கணக்கு நேராகிவிட்டது என்று நிம்மதியாயிருந்தோம். பின்னர் அவர் வேலையை விட்டுப் பட்டணத்து அடுக்குமாடி வீட்டிற்குக் குடிபோய்விட்டார்.

கொம்பு ஒலித்து ஏழாம் நாள் அவர் இருப்பிடத்தை விசாரித்துக்கொண்டு சென்றோம். நம்மைக் கண்டதும் வியந்து, நாற்காலி போட்டு, தேநீர் கொடுத்தார். வந்த காரியத்தைச் சொன்னோம். அவர் கூறிய விடையை அவர் சொற்களிலேயே எழுதுகிறோம்: “காசு அடுத்த மாசமே வந்துருச்சுங்க ஐயா. நாலு பேரு முன்னால பொய்க்காரின்னு சொன்னீங்களே, அதுதான் இன்னும் திரும்பி வரல.”

அன்று வரிசையில் நின்றவர்களில் இருவர் அதே அடுக்குமாடியில் இருந்தனர். அவர்களை அழைத்து வரச் சொல்லி, அவர்கள் முன்னிலையில் பொய் சொன்னவர் அவரல்லர், பிழை செய்தவர் நாமே என்று சொன்னோம். அதனால் நம் பெருமையில் ஒன்றும் குறைந்துவிடவில்லை. ஆயினும் அந்த மூன்றாம் மாடிப் படிகளை ஏறுவது, ஒரு நாள் முழுதும் பட்டினி கிடப்பதைவிடக் கடினமாயிருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

இவ்வனுபவத்தைக் கொண்டு மேற்கூறிய சட்டாம்பிள்ளையின் வரலாற்றை மீண்டும் நோக்குகிறோம். நாலு பேர் முன்னால் ஒரு சமூகத்தை இழிவாக எழுதியவர்களுக்கு எதிராக அவர் எழுந்தது நியாயமே. அவர் வேண்டியது பணமன்று, திரும்பி வராத அச்சொல்லையே. எக்காளம் உறங்குபவனை எழுப்பும் என்றால், அவ்வெக்காளத்தைத் தம் மக்களுக்காக அவர் மெய்யாகவே ஊதினார். அவருடைய தன்மான உணர்ச்சிக்குத் தலை வணங்குகிறோம்.

ஆனால் எக்காளத்திற்குப்பின் பத்தாம் நாள் ஒன்று இருக்கிறது. எனக்குப் பிறர் செய்த பிழை யாது என்று கேட்பது முதல் நாளின் வேலை. நான் பிறர்க்குச் செய்த பிழை யாது என்று கேட்பதே பத்தாம் நாளின் வேலை. சட்டாம்பிள்ளையின் சபையோர் பெரும்பாலும் ஒரே சமூகத்தினர். நீங்கள் தாழ்ந்தவர் என்ற பழிக்கு அச்சமூகத்துத் தலைவர் பலர் அந்நாளில் கொடுத்த விடை, நாங்கள் க்ஷத்திரியர் என்பது. தாழ்ந்தவர் என்று எவருமே இல்லை என்ற விடை அவர்களிடமிருந்து அப்போது எழவில்லை. படிக்கட்டில் நம்மை மிதிப்பவனை நோக்கி, என் இடம் இதுவன்று, இன்னும் இரண்டு படி மேலே என்று சொல்வது ஒன்று. படிக்கட்டே வேண்டாம் என்று சொல்வது வேறொன்று. இவ்விரண்டாம் விடை பிறக்கக் காலம் ஆயிற்று. 1929ஆம் ஆண்டில் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாட்டிற்குத் தலைமை தாங்கியவர் அதே நாடார் சமூகத்தில் தோன்றிய டபிள்யூ. பி. ஏ. சௌந்தரபாண்டியனார் என்பதை எண்ணும்போது, ஒரு சமூகம் எக்காளத்திலிருந்து பாவநிவிர்த்திக்கு நடந்துசெல்ல இயலும் என்ற நம்பிக்கை நமக்கு உண்டாகிறது.

இக்குறையை ஒரு சமூகத்தின்மேல் மட்டும் நாம் ஏற்றவில்லை. தோட்டத்தில் துரையிடம் மானம் கேட்டவர்கள், லயத்துக்குத் திரும்பியதும் கோடி வீட்டுக்காரனுக்குத் தனிக் குவளை வைத்த காலத்தை நம் பெரியோர் அறிவர். கிராணிமாராகிய நம் வகுப்பார் மேலே குனிந்து கீழே நிமிர்ந்த கதையும் யாவரும் அறிந்ததே. பத்தாம் நாள் எல்லோருக்கும் வரும்.

இனிக் குடிலுக்கு வருவோம். நோன்பு கழிந்து ஐந்தாம் நாளில் குடில் புகும் பண்டிகை. குடிலின் கூரை மரத்திலிருந்து வெட்டிய தழையால் வேயப்படல் வேண்டும். அதனூடே விண்மீன்கள் தெரிய வேண்டும் என்பது வழக்கம். மழை பெய்து உணவு கெடுமாயின் வீட்டுக்குள் போய்விடலாம் என்ற சலுகையும் உண்டு. அக்டோபர் மாதத்துப் பேராக்கில் அச்சலுகை ஏழு நாளும் வேண்டியிருக்கும்! எண்ணெய்ப்பனையின் மட்டை கொண்டு குடில் வேய்ந்த அன்பர் ஒருவர், முதல் இரவிலேயே பாயைச் சுருட்டிக்கொண்டு உள்ளே ஓடினதாகச் சொல்லிச் சிரித்தார்.

நல்ல வீடு உள்ளவன் ஏழு நாள் ஏன் குடிலில் இருக்க வேண்டும்? உன் முன்னோர் எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து வெளிவந்தபோது குடிலில் இருந்தார்கள் என்பதை உன் சந்ததி அறிய வேண்டும் என்பதே வேதம் சொல்லும் காரணம். இதனை விளங்கிக்கொள்ள நமக்கு எபிரெயம் வேண்டுவதில்லை. லயத்து வீடு தோட்டத் தமிழனுக்கு என்றுமே சொந்தமாயிருந்ததில்லை. வேலை உள்ளவரை கூரை. வேலை போனால் தெரு. சுதந்தரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகளின் தோட்டங்கள் துண்டுபோட்டு விற்கப்பட்டபோது, குடும்பம் குடும்பமாக வேலையும் வீடும் ஒருங்கே இழந்தனர். அத்துயரைக் கண்டே நம் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தனார் 1960ஆம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஏற்படுத்தி, தொழிலாளரிடம் மாதம் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டங்களை வாங்கினார். குடிலில் இருந்தவன் நிலத்துக்குப் பங்காளியாக வேண்டும் என்பது அவர் எண்ணம். எல்லோருக்கும் அது கைகூடிற்று என்று சொல்லுவதற்கில்லை. ரப்பர் போய் எண்ணெய்ப்பனை வந்தது. தோட்டம் போய் வீடமைப்புப் பகுதி வந்தது. நம்மவர் பலர் பட்டணத்து அடுக்குமாடிகளுக்கு ஏறினர்.

அப்பழைய லயங்கள் எல்லாம் இன்று வெறுமையாகக் கிடக்கின்றனவா? இல்லை. பல தோட்டங்களில் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் நேபாளியரும் அங்கே குடியிருக்கின்றனர். நம் பாட்டன் கப்பலில் வந்ததுபோல் அவர்கள் விமானத்தில் வந்தவர்கள். நம் பாட்டனைப் போலவே கடன்பட்டு வந்தவர்கள், பாஷை தெரியாதவர்கள், பிரட்டுக்களத்தில் பெயர் தப்பாகக் கூப்பிடப்படுபவர்கள். அவர்களைப் பற்றி நம்மவர் பேசும் பேச்சை நாம் கேட்டிருக்கிறோம். நூறாண்டுக்கு முன் நம்மைப் பற்றிப் பிறர் பேசிய பேச்சே அது.

கூடாரப் பண்டிகையில் மகிழ வேண்டியவர் யார் யார் என்று உபாகமம் ஒரு பட்டியல் தருகிறது. உன் மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, லேவியன், இவர்களோடு உன் வாசலில் உள்ள பரதேசி, திக்கற்ற பிள்ளை, விதவை. பரதேசி இல்லாமல் அப்பண்டிகை முடிவதில்லை. ஆகவே எருசலேமில் வரப்போகும் அரசை எதிர்நோக்கிக் குடில் வேயும் நம் அன்பர்கள், அக்குடிலில் இவ்வாண்டு பழைய லயத்து வங்காளியையும் ஒரு வேளை உண்ண அழைத்தார்களா என்று கேட்க நமக்கு உரிமையுண்டு. இறைவன் மனிதரிடையே வந்து தங்குவான் என்று நம்புவோர், முன்னரே வந்து தங்கியிருக்கும் மனிதனைக் காணாதிருப்பது பொருந்துமா?

இனி நண்பருடைய கேள்விக்கு விடை கூறி முடிக்கிறோம். அன்பரே, யூதர் பண்டிகை நமக்கு ஆகுமா என்று கேட்டீர்கள். பண்டிகை பிறப்பினால் மட்டும் ஒருவர்க்கு உரியதாகிவிடாது. கொம்பை வாங்கிவிடுவதாலும் உரியதாகிவிடாது. அதன் கடனைச் செலுத்துபவர்க்கே அது உரியது. மூன்று நாட்களும் ஒரு வரிசையில் வைக்கப்பட்டிருக்கின்றன. எக்காளம் எழுப்புகிறது; நோன்பு கணக்குத் தீர்க்கிறது; அதன் பின்னரே குடிலில் மகிழ்ச்சி. நடுவிலுள்ளதைத் தாண்டிக் குதிப்பவனுக்கு முதலாவது வெறும் ஓசை, மூன்றாவது வெறும் நிழல். வருங்காலத்தில் எக்காளம் எப்போது தொனிக்கும் என்பதை அறிந்தவர் எவருமில்லை. நாம் எவருக்குச் சொல்லைத் திருப்பித் தர வேண்டும் என்பதோ நம் ஒவ்வொருவருக்கும் தெரியும். அடுத்த திஷ்ரி மாதம் வரை காத்திராமல், அவர் வீட்டுப் படிகளை இந்த வாரமே ஏறுக.